காரின் ஏரியலுக்கு ஒரு கடிவாளம்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்க வளாகத்தில் என் காரை நிறுத்தியபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "என்ன சார், காருக்குத் தூண்டில் போட்டிருக்கீங்களா?" பின்பக்கத்திலிருந்து முன்னால் வில்லாக வளைந்து, கயிற்றால் கட்டப்பட்டிருந்த ஏரியலைத்தான் அப்படிச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு நான்கைந்து பேர் அருகில் வந்து விவரம் கேட்டார்கள். அதை எழுதித் தரும்படி நம் இதழ்க் குழுவினர் சொன்னதால் இந்தக் கட்டுரை.

நான் 1982-ல் டிப்ளமாவுடன் ரயில்வேயில் சேர்ந்து, மின்மயப் பாதையின் மேல்நிலைக் கம்பிப் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து, 2020-ல் ஓய்வு பெற்றவன். பணியின் பெரும்பகுதி இந்தப் பரோடாவில்தான். 2001 ஜனவரி 26 காலை 8.46-க்கு வந்த பூகம்பத்தை இங்கிருந்த நம் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்ச் பகுதியில் தொலைபேசி அறுந்துபோன அந்த நாட்களில், அமெச்சூர் வானொலிக்காரர்கள் பேட்டரியையும் ஒரு கம்பியையும் வைத்துக்கொண்டு செய்தி அனுப்பினார்கள். அப்போதே எனக்கும் அதில் ஆசை. ஓய்வுக்குப் பின்புதான் மோர்ஸ் தேவைப்படாத ரெஸ்ட்ரிக்டட் கிரேடு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். காரிலும் ஒரு செட் பொருத்தினேன். அதோடு வந்ததுதான் இந்த நீள ஏரியல்.

ஏரியல் ஏன் அவ்வளவு நீளம்?

வானொலி அலையின் நீளத்தை மீட்டரில் கண்டுபிடிக்க, 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் போதும். எஃப்.எம். நிலையம் 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 செ.மீ. நாங்கள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸுக்கு அலை நீளம் 2 மீட்டர் 7 செ.மீ. அதில் கால் பங்கு 52 செ.மீ.; எட்டில் ஐந்து பங்கு 1 மீட்டர் 29 செ.மீ. இந்த எட்டில் ஐந்து வகை, அலையைத் தரையை ஒட்டித் தூரமாக அனுப்பும். நடைமுறையில் நீளம் சற்றுக் குறையும். என்னுடையது 1 மீட்டர் 25 செ.மீ.; துருப்பிடிக்காத எஃகுக் கம்பி; அடியில் ஒரு சுருள்.

என் காரின் பின்கதவு மேல்விளிம்பில், வலது ஓரமாக அதைப் பொருத்தியிருக்கிறேன். அந்த இடம் தரையிலிருந்து 1 மீட்டர் 50 செ.மீ. ஆக, ஏரியலின் உச்சி 2 மீட்டர் 75 செ.மீ. எங்கள் குடியிருப்பின் அடித்தள வண்டி நிறுத்தத்தில் உத்தரத்தின் அடிப்பகுதி 2 மீட்டர் 10 செ.மீ. கணக்கு உங்களுக்கே புரியும். தினமும் இருமுறை "டங்" என்று உத்தரத்தில் அடித்தால் கம்பி எத்தனை நாள் தாங்கும்?

நான் செய்த தவறு

முதலில் நான் செய்தது மிக எளிது. கூரைக் கேரியரில் கட்டுக்கம்பியால் ஒரு கொக்கி. ஏரியலை வளைத்து அதில் மாட்டிவிடுவது, வேண்டும்போது தட்டிவிடுவது. ஒரு மாதம் நன்றாகவே இருந்தது. ஒருநாள் ஒரு கையில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு மறு கையால் கொக்கியைத் தட்டினேன். மேல்மாடிக் குஜராத்திக் குடும்பத்துப் பையன், ஏழு வயது, வண்டியின் மறுபக்கத்திலிருந்து ஓடி வந்தான். கம்பி துள்ளி அவன் புருவத்தில் அடித்தது. மூன்று தையல். ஒரு விரல் அகலம் கீழே பட்டிருந்தால் கண்.

பையனின் பெற்றோர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. வீட்டில் என் மனைவி சொன்னாள்: "ஏங்க, இத்தனை வருஷம் கலாசிகளுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுத்தீங்களே, உங்களுக்கு யார் எடுக்கிறது?"

அன்றிரவு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். வளைத்த ஏரியலின் நுனியைப் பிடித்து நிறுத்த, வில் தராசு காட்டிய விசை 450 கிராம். 'இவ்வளவுதானே' என்று தோன்றும். ஆனால் நிமிர்ந்த நிலையில் விசை பூஜ்யம், முழுக்க வளைத்தபோது 450. சராசரி 225 கிராம் என்று கொள்ளலாம். நுனி நகரும் தூரம் சுமார் ஒன்றரை மீட்டர். இரண்டையும் பெருக்கினால், அரைக் கிலோ கல் ஒன்றை ஏறத்தாழ 70 செ.மீ. உயரத்திலிருந்து போடும் ஆற்றல் வருகிறது. அந்த ஆற்றல் முழுவதும் எடை குறைந்த மெல்லிய கம்பிக்குள் போகிறது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத வேகம்.

இது எனக்குத் தெரியாத பாடமும் அல்ல. ரயில் பாதைக்கு மேலே ஓடும் காண்டாக்ட் வயரும் அதைத் தாங்கும் கேடனரியும் தலா 1000 கிலோ இழுவிசையில் நிற்பவை. அவற்றை நாங்கள் ஒருபோதும் சட்டென்று விடுவதில்லை. புல்-லிஃப்ட் கருவியை மாட்டி, பாரத்தை அதன் சங்கிலிக்கு மாற்றி, பல் பல்லாகத் தளர்த்துவோம். 1000 கிலோவுக்கு ஒரு நியாயம், 450 கிராமுக்கு ஒரு நியாயம் இல்லை. கட்டுவது மட்டும் சாதனத்தின் வேலையல்ல. மெல்ல அவிழ்ப்பதும் அதன் வேலைதான் என்று அன்று முடிவு செய்தேன்.

தேவையான பொருள்கள்

1. நுனிக்கு ஒரு பிளாஸ்டிக் குண்டு. கோலிக்குண்டு அளவில், பாதி வரை துளையிட்டது. கம்பி நுனியில் அரால்டைட் வைத்து ஒட்டவும். கண்ணுக்கு முதல் பாதுகாப்பு இதுவே. வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

2. மின்கம்பியின் மேலுறையிலிருந்து உருவிய 5 செ.மீ. பிளாஸ்டிக் குழல். குண்டுக்குக் கீழே ஒரு விரல் அகல இடைவெளி விட்டு இதையும் கம்பியில் ஒட்டவும். அந்த இடைவெளிதான் கயிறு கட்டும் இடம். குண்டு இருப்பதால் கயிறு மேலே கழலாது. குழல் இருப்பதால் கீழே வழுக்காது.

3. இரண்டு மி.மீ. பருமனுள்ள நைலான் கயிறு, இரண்டரை மீட்டர். இரும்புக் கம்பியோ சங்கிலியோ கூடாது. உலோகம் ஏரியலின் அளவையே மாற்றிவிடும், மின்சாரத்தையும் கடத்தும்.

4. 8 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 5 அல்லது 6 மி.மீ. தடிமனில் ஒரு ஹைலம் துண்டு. பழைய சுவிட்சு போர்டிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு துளை. நடுவில் இரு பக்கமும் அரத்தால் ராவி, உடுக்கை போல இடுப்பைக் குறுக்கவும். ஓர் ஓரத்தில் கயிறு இறுகும்படி 'வி' வடிவ வெட்டு ஒன்று. துளைகளின் விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்கவும். இல்லாவிட்டால் கயிறு அறுபடும்.

5. பள்ளிப் பையில் இருக்கும் தட்டை நாடா, ஒரு முழம். வயரிங் பைப் துண்டு 5 செ.மீ. நாடாவின் ஒரு முனையைப் பைப்பில் சுற்றித் தைக்கவும். மறு முனையை ஹைலம் துண்டின் முதல் துளையில் கோத்துத் தைக்கவும்.

பொருள்கள் பெரும்பாலும் வீட்டிலேயே கிடக்கும். காரில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை.

கட்டும் முறை

பின்பக்க வலது கதவைத் திறந்து, பைப் துண்டை உள்ளே விட்டு, நாடா கதவின் மேல்விளிம்பு வழியாக வெளியே வரும்படி கதவைச் சாத்திப் பூட்டவும். பைப் உள்ளே குறுக்காக நிற்பதால் நாடா வெளியே வராது. நாடா படும் இடத்தை முதலில் துணியால் துடைக்கவும். மணல் இருந்தால் பெயிண்ட் கீறும்.

ஏரியலிலிருந்து தொங்கும் கயிற்றின் முனையை ஹைலத்தின் இரண்டாம் துளையில் நுழைத்து, அது திரும்ப உருவிக்கொள்ளாதபடி பெரிய முடிச்சாகப் போடவும். கவனிக்க: முடிச்சு முதலில், இழுப்பு பிறகு. கை தவறினாலும் கயிறு ஓடிப்போய் முடிச்சில் நிற்கும்.

இப்போது கிணற்றில் நீர் இறைப்பது போலக் கயிற்றை மெல்ல இழுங்கள். கம்பி வில்லாக வளையும். போதிய அளவு தாழ்ந்ததும் ஹைலத்தின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, 'வி' வெட்டில் அழுத்திவிடுங்கள். மாட்டுக் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினால் சிறுவன்கூடக் காளையைப் பிடித்து நிறுத்துவான் அல்லவா? அதே உராய்வுதான் இங்கும் வேலை செய்கிறது.

அளக்கும்போது ஒரு விஷயம். நுனியின் உயரத்தை அளக்காதீர்கள். வில்லின் மிக உயர்ந்த இடத்தை அளக்க வேண்டும். என் ஏரியலின் நுனி கூரையருகே வரும்போது, நடு வளைவு அடியிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. மொத்தம் 1 மீட்டர் 95 செ.மீ. உத்தரத்துக்குக் கீழே 15 செ.மீ. மிச்சம்.

அவிழ்க்கும்போது அருகில் யாரும் இல்லை என்று பாருங்கள். வெட்டிலிருந்து கயிற்றை எடுத்து, சுற்றைக் கழற்றி, கை கையாக விடுங்கள். கம்பி முழுதும் நிமிர்ந்த பிறகே முடிச்சை அவிழ்க்கலாம். கயிற்றை ஏரியலோடு சுற்றி அடியில் ரப்பர் பட்டை போட்டுவிட்டால் அது எப்போதும் கைக்கு எட்டும். என் போன்ற ஐந்தடி நாலங்குல ஆளுக்கு இது பெரிய வசதி.

செய்யக் கூடாதவை

ஓட்டுநர் கதவில் நாடாவை மாட்டாதீர்கள். பழக்கத்தில் கதவைத் திறந்துவிடுவீர்கள், கம்பி பறக்கும். பின்கதவையும் யாராவது திறக்கலாம் என்பதால் நாடாவில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். ரயில்வேக்காரனுக்குச் சிவப்புத் துணியைவிட நல்ல எச்சரிக்கைப் பலகை கிடையாது.

காந்த அடியுள்ள ஏரியலை இப்படிக் கட்டக் கூடாது. பக்கவாட்டு இழுப்பில் காந்தம் பெயர்ந்துவிடும். சுருளும் கம்பியும் சேரும் இடத்தில் வளைவு விழக் கூடாது. கண்ணாடி நார் ஏரியலில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது விரிசலின் அறிகுறி, வளைப்பதை நிறுத்துங்கள்.

கட்டிய நிலையில் செய்தி கேட்கலாம். பேசும் பொத்தானை அழுத்தக் கூடாது. காரின் தகரத்துக்கு அருகில் ஏரியலின் பொருத்தம் கெட்டு, அனுப்பும் சக்தியில் ஒரு பகுதி செட்டுக்கே திரும்பி வரும். நெடுஞ்சாலை வேகத்திலும் கட்டியபடி ஓட்ட வேண்டாம்.

சாதாரண எஃப்.எம். ஏரியல் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடே வேண்டாம். பெரும்பாலான கார்களில் அந்தக் குட்டை ஏரியலைக் கையால் திருகிக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம்.

கடைசியாக, என் பழைய தொழிலிலிருந்து ஒரு வார்த்தை. மின்மயப் பாதையின் லெவல் கிராசிங்கில் சாலையின் இரு பக்கமும் குறுக்குக் கம்பத்தோடு ஒரு வாசல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் உயரம் 4 மீட்டர் 67 செ.மீ. அதற்கப்பால் 25,000 வோல்ட். அந்தக் கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை. மின்சாரத்தை நிறுத்தாமல் 2 மீட்டருக்குள் நெருங்கவே கூடாது என்பது எங்கள் விதி. இரண்டரை மீட்டர் ஏரியலை உயரமான வண்டியின் கூரையில் நட்டுக்கொண்டு போகிறவர்கள் கிராசிங்குக்கு முன்பே அதைத் தாழ்த்திக் கட்டிவிட வேண்டும். சந்துகளில் தாழத் தொங்கும் வீட்டு இணைப்புக் கம்பிகளுக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

அந்தப் பையனுக்கு இப்போது பத்து வயது. தழும்பு மங்கிவிட்டது. நான் அடித்தளத்தில் கயிற்றைக் கையில் எடுத்தால் அவன் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, "தாதா, முடிச்சுப் போட்டாச்சா?" என்று குஜராத்தியில் கேட்கிறான். போட்டுவிட்டேன் என்று காட்டிய பிறகுதான் இழுக்க விடுகிறான். எனக்கு வாய்த்த சூப்பர்வைசர் அவன்.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு துண்டு ஹைலம் கொண்டு வாருங்கள். அரம் என்னிடம் இருக்கிறது.