அரையணாத் தபால்தலை

தபால் பெட்டி எல்லோருக்கும் தெரியும். சிவப்பு நிறம். அதில் போட்ட கடிதம் காடு, மலை, ஆறு எல்லாம் தாண்டிப் போகும். பணக்காரர் கடிதத்துக்கும் ஏழை கடிதத்துக்கும் ஒரே கட்டணம்தான். இது எப்படி வந்தது?

இதைத் தெரிந்துகொள்ள எங்கள் கற்றல் மையத்திலிருந்து 14 பேர் புறப்பட்டோம். எல்லோரும் பிழைப்புக்காகத் தில்லிக்கு வந்த தமிழர்கள். வீட்டு வேலை, கட்டட வேலை செய்பவர்கள்.

புதுதில்லியில் சன்சத் மார்க் என்ற சாலை இருக்கிறது. அங்கே டாக் பவன் என்ற பெரிய கட்டடம் உள்ளது. டாக் என்றால் தபால். தபால் துறையின் தலைமை அலுவலகம் அதுதான். அங்கேதான் தேசியத் தபால்தலை அருங்காட்சியகம் இருக்கிறது. இது 1968-ல் தொடங்கியது.

தூரத்துக்குத் தக்க கூலி

ரயில் வருவதற்கு முன்பு தபாலை மனிதர்களே சுமந்து ஓடினார்கள். அவர்களுக்கு ரன்னர் என்று பெயர். தோளில் பை. கையில் ஈட்டி. ஈட்டியில் மணி கட்டியிருக்கும். ஒருவர் சில மைல் ஓடி அடுத்தவரிடம் பையைக் கொடுப்பார். அவர் அங்கிருந்து ஓடுவார்.

அப்போது தூரம் கூடினால் கட்டணமும் கூடும். 1837-ல் ஒரு தோலா எடையுள்ள கடிதத்தைக் கல்கத்தாவிலிருந்து ஆக்ராவுக்கு அனுப்ப 12 அணா. பம்பாய்க்கு அனுப்ப ஒரு ரூபாய். ஒரு தோலா என்பது 12 கிராமுக்கும் குறைவுதான். 16 அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். கூலிக்காரர் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்?

ஆசியாவின் முதல் தபால்தலை

ஒரு கண்ணாடிக்குள் சின்னஞ்சிறு தபால்தலையைப் பார்த்தோம். இதன் பெயர் சிந்து டாக். 1852 ஜூலை 1-ல் சிந்துப் பகுதியில் வெளியானது. அந்தப் பகுதி இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. ஆசியாவில் முதன்முதலில் வந்த தபால்தலை இதுவே. விலை அரையணா. முதலில் சிவப்பு அரக்கு வில்லை போலச் செய்தார்கள். அது எளிதில் உடைந்தது. பிறகு காகிதத்தில் செய்தார்கள்.

1854-ல் இந்தியா முழுவதற்கும் தபால்தலை வந்தது. கூடவே புதிய கட்டண முறையும் வந்தது. இனித் தூரம் கணக்கில்லை. எடை மட்டுமே கணக்கு. எடை குறைந்த கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் அரையணாவில் போகும். 1879-ல் தபால் கார்டு வந்தது. விலை காலணா.

"ஒரு ரூபாய்க்கு எத்தனை கார்டு?" என்று கேட்டேன்.

கொத்தனார் ஐயா விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "அணாவுக்கு நாலு. பதினாறு அணாவுக்கு அறுபத்து நாலு!" என்றார்.

1948-ல் வந்த காந்தி தபால்தலையையும் பார்த்தோம். முதல் சுதந்திர தின ஆண்டு நிறைவு நாளில் அது வெளியானது. அதில் இந்தியிலும் உருதுவிலும் 'பாபு' என்று எழுதியிருக்கிறது.

படித்துச் சொல்ல ஆள்

"எழுதத் தெரியாதவங்க என்ன செய்வாங்க டீச்சர்?" என்று ஒரு அம்மா கேட்டார்.

தபால் நிலைய வாசலில் கடிதம் எழுதித் தருபவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் காசு தர வேண்டும். வந்த கடிதத்தைப் பல ஊர்களில் தபால்காரரே படித்துச் சொல்வார். வீட்டு ரகசியம் எல்லாம் வெளியாள் காதில் விழும்.

அந்த அம்மா சொன்னார்: "எங்க அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு ஊர்லேர்ந்து லெட்டர் வந்துச்சு. படிக்க ஆள் இல்லை. நாலு நாள் அரிசி டப்பா மேலேயே கிடந்துச்சு. அப்புறம் படிச்சுச் சொன்னாங்க. நான் போய்ச் சேர்ந்தப்போ அம்மா இல்லை."

யாரும் பேசவில்லை. கடிதம் தில்லி வரை வந்துவிடும். கையில் வந்த பிறகு அதைப் படிக்க எழுத்து வேண்டும்.

ஆறு எண்கள்

இந்தியாவில் ஒரே பெயருள்ள ஊர்கள் பல. மொழிகளும் பல. முகவரியைப் படிப்பது கடினம். அதனால் 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. இதை உருவாக்கியவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி.

பின்கோடில் ஆறு எண்கள். முதல் எண் நாட்டின் பெரிய பகுதியைக் காட்டும். 1 என்றால் தில்லி, பஞ்சாப் இருக்கும் வட பகுதி. 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் இருக்கும் தென் பகுதி. முதல் மூன்று எண்களும் சேர்ந்து தபாலைப் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்று எண்கள் தபாலைக் கொண்டுவந்து தரும் தபால் நிலையத்தைக் காட்டும். டாக் பவனின் பின்கோடு 110001.

இன்று பேச கைபேசி இருக்கிறது. ஆனாலும் ஆதார் அட்டை, வங்கிக் கடிதம் எல்லாம் தபாலில் வருகின்றன. பல விண்ணப்பங்களில் பின்கோடு கேட்கிறார்கள். ஓர் எண் மாறினால் தபால் வேறு ஊருக்குப் போகலாம்.

சொற்களை அறிவோம்

அருங்காட்சியகம் – அரிய பொருள்களைக் காட்டும் இடம்
கட்டணம் – செலுத்த வேண்டிய பணம்
முகவரி – விலாசம்

விடை எழுதுவோம்

1. ரன்னர் என்பவர் யார்?
2. சிந்து டாக் எந்த ஆண்டில் வந்தது?
3. 1854-ல் தபால் கட்டணத்தில் என்ன மாற்றம் வந்தது?
4. அரையணா வீதம் ஒரு ரூபாய்க்கு எத்தனை கடிதம் அனுப்பலாம்?
5. பிறர் படித்துச் சொன்ன கடிதத்தால் உங்களுக்கு நேர்ந்த அனுபவம் உண்டா? மையத்தில் பேசுங்கள்.

செய்து பார்ப்போம்

ஒரு தபால் கார்டு வாங்குங்கள். ஊரில் உள்ள ஒருவருக்கு நான்கு வரி எழுதுங்கள். முகவரியை இந்த வரிசையில் எழுதுங்கள்: பெயர், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், பின்கோடு. கடிதத்தின் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். பெட்டியில் நீங்களே போடுங்கள்.