நோயைப் படத்தில் குறிக்கும் கல்வி

ஒரு நோய் யாருக்கு வந்தது, எப்பொழுது வந்தது என்று விசாரிப்பது வைத்தியத் துறையில் பழைய வழக்கம். எந்த இடத்தில் வந்தது, அவ்விடத்தில் வரக் காரணம் யாது என்று விசாரிப்பதே சுகாதாரப் பூகோளம் எனப்படும். சர்வகலாசாலையில் முதற்பட்டம் பெற்றபின் இத்துறையில் ஆராய்ச்சி செய்யப் புகும் மாணாக்கர், புள்ளி விவரக் கணிதத்தையும் கம்ப்யூட்டர் கொண்டு படம் வரையும் முறையையும் கற்கின்றனர். அவற்றோடு அவர்கள் தவறாமல் படிக்க வேண்டியது, 1854-ஆம் ஆண்டு லண்டனில் பரவிய வாந்திபேதியின் வரலாறாகும். படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்னும் இரண்டையும் அது விளக்குகிறது.

பிராட் தெருப் பம்பு

அவ்வாண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் சோஹோப் பகுதியிலுள்ள பிராட் தெருவைச் சுற்றி வாந்திபேதி திடீரெனப் பரவிற்று. பத்து நாட்களுக்குள் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். துர்க்காற்றினால் இந்நோய் உண்டாகிறதென்பதே அக்காலத்து வைத்தியர் பலருடைய கொள்கை. டாக்டர் ஜான் ஸ்னோ என்பவரோ, குடிநீரின் மூலம் பரவுகிறதென்று 1849 முதல் கூறி வந்தார். அவர் மரணப் பதிவுகளைப் பெற்று, இறந்தவர்களின் வீடுகளுக்குச் சென்று, எங்கே தண்ணீர் எடுத்தார்களென்று விசாரித்தார். மரணங்களிற் பெரும்பாலானவை பிராட் தெருப் பம்புக்கு அருகில் நேர்ந்தவை. அவர் இதனைத் தெரிவித்ததன்மேல், செப்டம்பர் 8-ந் தேதி அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

ஜனங்கள் பலர் அப்பகுதியை விட்டு ஓடிவிட்டதால் நோய் முன்னரே தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோவே ஒப்புக்கொண்டார். அன்றியும், புகழ்பெற்ற அவருடைய படம் கைப்பிடி கழற்றப்பட்ட பின்னரே வெளியிடப்பட்டது. ஆகவே அப்படம் உண்மையைக் கண்டுபிடித்தது என்பது பொருந்தாது. வீடு வீடாக நடந்து கேட்டறிந்த உண்மையை அது பிறருக்குக் காட்டிற்று.

விலக்குகளின் பயன்

அருகிலிருந்தும் தப்பியவர் யார், தொலைவிலிருந்தும் இறந்தவர் யார் என்பதை மாணாக்கர் கவனிக்க வேண்டும். பம்புக்குச் சமீபத்திலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் வசித்தனர். வாந்திபேதியால் இறந்தவர் ஐவரே. அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அத்தெருவிலேயே இருந்த பீர் வடிக்கும் சாலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளிகளுள் ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் அங்கே வடித்ததையே குடித்தனர். அங்கும் தனிக் கிணறு உண்டு. மாறாக, தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி மாண்டார். முன்பு பிராட் தெருவில் வாழ்ந்த அவர், அப்பம்புத் தண்ணீரின் சுவையை விரும்பி, அதனை வண்டியில் வரவழைத்துக் குடித்து வந்தார். அவரிடம் வந்து அதே தண்ணீரைப் பருகிச் சென்ற உறவினப் பெண்ணும் இஸ்லிங்டனில் இறந்தார். தெருப்படத்தின் எல்லைக்கு வெளியே நேர்ந்த இவ்விரு மரணங்களும் ஸ்னோவின் கொள்கைக்கு உறுதியான சான்றாயின.

துர்க்காற்றே காரணமாயின், விடுதிக்கும் சாலைக்கும் உள்ளே அது புகாதிருக்க நியாயமில்லை.

ஒழுங்கான கணக்கும் தவறான முடிவும்

மரணக் கணக்குகளிற் பெரும் புலமை பெற்ற வில்லியம் பார் என்பவர், 1849-ஆம் ஆண்டு மரணங்களை லண்டனின் நில உயரத்தோடு ஒப்பிட்டார். தேம்ஸ் நதிமட்டத்திலிருந்து நிலம் உயர உயர மரணம் குறைந்தது. கணக்கு மிக ஒழுங்காயிருந்தமையால், தாழ்ந்த நிலத்தின் துர்க்காற்றே காரணமென்று அவர் கருதினார். ஆனால் தாழ்ந்த பகுதிகள் பலவற்றில் ஜனங்கள் அசுத்தமான நதிநீரையே குடித்தனர். கணக்குப் பிழையன்று, காரணம் பிழை. 1866-ஆம் ஆண்டு கிழக்கு லண்டனில் வாந்திபேதி வந்தபோது, அதன் மூலம் குடிநீரே என்று பார் தாமே ஆராய்ந்து காட்டினார். தம் பழைய கொள்கையை விடத் துணிந்த இச்செயலும் மாணாக்கருக்கு ஒரு பாடமாகும்.

ஒரே தெரு, இரண்டு குழாய்

தென் லண்டனில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஒரே தெருவில் கலந்து சென்றன. லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் நீரெடுக்கும் இடத்தைக் கழிவு கலவாத மேல்நதிக்கு மாற்றிற்று. சதர்க் - வாக்ஸால் கம்பெனியோ நகரக் கழிவு கலந்த இடத்திலேயே எடுத்தது. காற்றும் நிலமும் ஒன்றே. அண்டை வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் தண்ணீர் மட்டுமே வேறு. 1854-இல் நோய் பரவிய முதல் ஏழு வாரங்களுக்கு ஸ்னோ எடுத்த கணக்கு வருமாறு:

சதர்க் - வாக்ஸால்: வீடுகள் 40,046, மரணம் 1,263, பதினாயிரம் வீட்டுக்கு 315.

லாம்பெத்: வீடுகள் 26,107, மரணம் 98, பதினாயிரம் வீட்டுக்கு 37.

எந்தக் கம்பெனியின் தண்ணீர் என்று அறியாத வீடுகளில், அதன் உப்பின் அளவைச் சோதித்து அவர் தெரிந்துகொண்டார். பகுதிவாரியாகப் படத்தில் வண்ணம் தீட்டியிருந்தால் இந்த வேற்றுமை மறைந்தே போயிருக்கும்.

இக்காலப் பயிற்சி

இப்பொழுது வீட்டின் இருப்பிடத்தைச் செயற்கைக் கோள்களின் உதவியால் குறிக்கலாம்; ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கம்ப்யூட்டர் நொடியில் படமாக்கும். ஆயினும் மாணாக்கர் பழகவேண்டிய விதிகள் மாறவில்லை. மரணத்தை மட்டும் எண்ணாமல் அங்கு வாழ்வோரையும் எண்ணுதல் முதலாவது. ஜனம் நெருங்கிய இடத்தில் புள்ளிகளும் நெருங்கும். வட்டாரத்தின் சராசரியைத் தனி மனிதருக்குப் பொருத்தாமை இரண்டாவது. மனிதர் செல்லும் வழியைக் கொண்டே தூரத்தை அளத்தல் மூன்றாவது. ஸ்னோவும் தம் திருத்திய படத்தில், பம்புகளுக்கு நடக்கும் தூரம் சமமாகும் இடங்களைக் கோடிட்டுக் காட்டினார். நோயாளியின் வீடு பிறருக்குத் தெரியாதவாறு படத்தை வெளியிடுதல் நான்காவது.

படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு வீட்டின் துக்கமாகும். தவறாகப் படித்தால், உதவி சேரவேண்டிய தெருவை விட்டு வேறு தெருவுக்குப் போகும். ஆதலால் படத்தை வரைந்தவர், அதனைக் கையிற்கொண்டு அவ்வீட்டு வாயில்வரை சென்று விசாரித்தல் வேண்டும்.

சிந்திக்க வேண்டிய வினாக்கள்

1. ஏழைகள் விடுதியில் மரணம் குறைந்ததன் காரணம் யாது?

2. பாரின் கணக்குச் சரியாயிருந்தும் அவர் முடிவு தவறியது எவ்வாறு?

3. ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் இருந்தமை ஆராய்ச்சிக்கு எவ்வாறு உதவிற்று?