கல்லூரிகள் இருக்கின்றன, ஏனாமில் மருத்துவர்?

நம்பிக்கை: இத்தனை மருத்துவக் கல்லூரிகள் உள்ள புதுச்சேரியில் மருத்துவருக்கு ஏது பஞ்சம்?

உண்மை: நகரத்துக்கு இது பொருந்தும். கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, சுற்றிலும் தனியார் கல்லூரிகள். ஆனால் பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற இந்த யூனியன் பிரதேசம் நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது. காரைக்காலுக்காவது பேருந்தில் போய்விடலாம். மாஹே கேரளக் கரையில். ஏனாம் 800 கி.மீ.க்கு அப்பால், ஆந்திரத்தின் கோதாவரி ஓரத்தில். ஓரிடத்தில் நோயாளி மலையாளம் பேசுவார், மற்றதில் தெலுங்கு. பாண்டியில் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் உள்ள மருத்துவர், ஏனாமில் போஸ்டிங் விழுந்தால் டிரான்ஸ்ஃபருக்கு அலைவதைக் குறை சொல்லிப் பயனில்லை.

தலைகளை மட்டும் எண்ணினாலும் கணக்கு தப்பும். நள்ளிரவில் ஒரு சிசேரியன் என்றால் மகப்பேறு மருத்துவர் வேண்டும், மயக்க மருந்து கொடுப்பவர் வேண்டும், குழந்தையைப் பார்ப்பவர் வேண்டும், ரத்தம் வேண்டும். மயக்க மருந்து மருத்துவர் ஒருவரே இருந்து, அவரும் விடுப்பில் போயிருந்தால், வலியோடு வந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை. பணியிடப் பட்டியல் நிறைந்திருந்து அந்தப் பெண்ணுக்கு என்ன பயன்?

நம்பிக்கை: ஆயிரம் பேருக்கு ஒரு மருத்துவர் என்ற உலக சுகாதார நிறுவன விதியை எட்டினால் போதும்.

உண்மை: அப்படியொரு விதியை அந்த நிறுவனம் வகுக்கவில்லை. 2016-இல் அது முன்வைத்த அளவு, 10,000 பேருக்கு மருத்துவர், செவிலியர், மருத்துவச்சி எல்லாம் சேர்த்து 44.5 பேர்.

நம்பிக்கை: பாண்டு எழுதி வாங்கினால் மருத்துவர்கள் இருந்துவிடுவார்கள்.

உண்மை: கட்டாயப் பணி ஒப்பந்தம் செல்லும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தவணை முடிந்த மறுநாள் அவரைத் தடுத்து நிறுத்த அந்தத் தாளால் ஆகாது.

நம்பிக்கை: கிராமத்தில் பணிபுரிந்தவர்களுக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்கினால் தகுதி கெடும்.

உண்மை: அவர்களும் நீட் முதுநிலைத் தேர்வில் தேறியே வருகிறார்கள். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இளம் மருத்துவர்களை இழுத்ததில் முதுநிலைப் படிப்பில் அரசு மருத்துவர்களுக்கான 50% ஒதுக்கீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று 2020 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் தீர்ப்பளித்தது.

ஒதுக்குப்புறத்தில் பிறந்து வளர்ந்தவரே ஒதுக்குப்புறத்தில் நிலைக்கிறார் என்பது பல நாடுகள் கண்ட அனுபவம். மருத்துவப் படிப்பில் ஏனாம், மாஹே பிள்ளைகளுக்குப் பிராந்திய ஒதுக்கீடு ஏற்கெனவே இருக்கிறது. படித்து முடித்த அவர்களைச் சொந்த ஊர் மருத்துவமனையிலேயே நியமித்து, குவார்ட்டர்ஸும் மேற்படிப்புக்கு உறுதியும் தர வேண்டும். புதுச்சேரி அரசு முதலில் இதைச் செய்யட்டும்.