காதில் விழுந்ததெல்லாம் செய்தியல்ல

 

கல்வராயன் மலை என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது எது? சாராய ஊறல் அழிப்பு. செய்தித்தாளில் அந்த மலையின் பெயர் பெரும்பாலும் அதற்காகத்தான் வருகிறது. சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காய் பொறுக்கி விற்று, சாலை வசதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மலையாளிப் பழங்குடி மக்கள் அந்தச் செய்தியில் இல்லை. நாம் அவர்களிடம் ஒரு வேளை உட்கார்ந்து பேசியதுகூட இல்லை. ஆனாலும் அவர்களைப் பற்றி ஒரு கருத்து நமக்குள் இருக்கிறது.

வீட்டில் பேசியது, படத்தில் பார்த்தது, கைப்பேசியில் வந்தது, பாடத்தில் படித்தது ஆகியவை சேர்ந்துதான் ஒரு சமூகத்தைப் பற்றிய நம் எண்ணம் உருவாகிறது. நம்மைப் பற்றிப் பிறர் கொண்டிருக்கும் எண்ணமும் அப்படியே.

2020 கற்றுத்தந்தது

2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தப்லீக் ஜமாஅத் கூட்டத்தில் கலந்துகொண்ட பலருக்குக் கொரோனா தொற்று இருந்தது. அது உண்மை. ஆனால் நோயைப் பரப்பவே அவர்கள் கூடினார்கள் என்று சொன்னது பொய். 'கொரோனா ஜிஹாத்' என்ற சொல் தொலைக்காட்சியிலும் சமூக ஊடகங்களிலும் நாள்கணக்கில் ஓடியது. நாட்டின் சில பகுதிகளில் முஸ்லிம் காய்கறி வியாபாரிகளைத் தெருவுக்குள் விட மறுத்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்று கூறி, ஊடகங்களின் பிரச்சாரத்தையும் கண்டித்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான 16 வழக்குகளை ரத்து செய்தது. குற்றச்சாட்டு இரவு பகலாக ஒளிபரப்பானது. தீர்ப்போ பலர் காதுக்கு எட்டவே இல்லை. எட்டிய வீடுகளிலும், ஐந்து ஆண்டு மனத்தில் ஊறிய சந்தேகம் ஒரே நாளில் போய்விடுமா?

திரைப்படமும் இப்படித்தான். 2023இல் வந்த 'தி கேரளா ஸ்டோரி' படத்தின் முன்னோட்டம் 32,000 பெண்கள் என்று ஒரு கணக்குச் சொன்னது. அந்த எண்ணிக்கைக்கு ஆதாரபூர்வமான தரவு இல்லை என்ற அறிவிப்பைப் படத்தில் சேர்ப்பதாகத் தயாரிப்பாளர் தரப்பே பிறகு உச்சநீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நாமும் பரப்புகிறோம்

இதுவரை படித்துவிட்டு, "நமக்கு எப்போதும் அநீதிதான்" என்று பெருமூச்சு விட்டால் பாடம் பாதியில் நின்றுவிடும். நம் கைப்பேசியையும் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

2022 ஜூலை 17 அன்று நம் மாவட்டத்தின் கனியாமூரில் நடந்ததை மறக்க முடியுமா? ஒரு மாணவியின் மரணத்துக்கு நீதி கேட்டது நியாயமான கோரிக்கை. ஆனால் வாட்ஸ்அப் குழுக்களில் பரவிய செய்திகளும் அழைப்புகளும் எங்கெங்கிருந்தோ இளைஞர்களைத் திரட்டின. போராட்டம் கலவரமாகி, பேருந்துகள் எரிந்தன. நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். அவர்களைப் பெற்ற தாய்மார்கள் நீதிமன்ற வாசலில் நின்றார்கள். செய்தியை எழுதியவர் யாரென்று பலருக்குத் தெரியாது. அனுப்பிய விரல்கள் மட்டும் நம் ஊர்களைச் சேர்ந்தவை.

மதீனாவில் ஒரு மாதம்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பிய வரலாறு நமக்குத் தெரியும். தொலைந்த மாலையைத் தேடப் போய்ப் பயணக் கூட்டத்தைத் தவறவிட்டார்கள். நடந்தது அவ்வளவுதான். அவதூறை மூட்டிவிட்டவன் நயவஞ்சகன் அப்துல்லாஹ் இப்னு உபை. ஆனால் அதை வாய்க்கு வாய் கொண்டுபோனவர்களில் நல்ல முஸ்லிம்களும் இருந்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வீடே துயரத்தில் மூழ்கியது. சூரா அந்நூர் இறங்கி, அன்னையின் தூய்மையை அறிவித்தது. அறியாததை வாயால் பரப்பியதையும், அதை அற்பமாக எண்ணியதையும் அல்லாஹ் கடுமையாகக் கண்டித்தான். சூரா அல்ஹுஜுராத்தின் ஆறாம் வசனம், தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரிக்கும்படி கட்டளையிடுகிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்த நேரும் என்பதே காரணம். தீர விசாரிப்பதே மெய் என்று நம் தமிழ்ப் பழமொழி சொல்வதும் இதைத்தான்.

நம் வரலாற்றை நாம் சொல்வோம்

நம்மை அந்நியராக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் என்று மார்க்கச் சொற்களையே நல்ல தமிழில் சொல்லும் சமூகம் எப்படி அந்நியமாகும்? 5,000க்கும் மேற்பட்ட பாடல்களில் நபிகளாரின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடினார் உமறுப்புலவர். வள்ளல் சீதக்காதியின் பெயர் தமிழரின் பேச்சுவழக்கிலேயே கலந்திருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் தமிழின் தொன்மையை எடுத்துச்சொல்லி வாதாடியவர் காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப். இவற்றை நம் பிள்ளைகள் சொல்லத் தெரிந்திருக்கிறார்களா? நாம் சொல்லாத இடத்தில் வேறு யாரோ வந்து நம் கதையைச் சொல்லிவிடுவார்கள்.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஒரு செய்தி கோபத்தை மூட்டினால், அதை உடனே அனுப்பாதீர்கள். யார் சொன்னது, எப்போது நடந்தது, வேறு எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள்.
2. தவறாக அனுப்பியிருந்தால், அதே குழுவில் "அது தவறு" என்று எழுதுங்கள். அதில் வெட்கம் இல்லை.
3. இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: "நாம் பழகாத யாரைப் பற்றித் தவறாகப் பேசுகிறோம்?" பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள்.
4. பக்கத்து வீட்டாரோடு நோன்புக் கஞ்சியோடு நிறுத்தாமல், நல்லது கெட்டதிலும் கலந்துகொள்ளுங்கள். நேரில் பழகியவரிடம் பொய்ச் செய்தி எளிதில் எடுபடாது.

கேட்பதை ஆராயும் நிதானத்தையும், பிறர் மானத்தைக் காக்கும் நாவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.