அல்லியின் தர்க்கம்

மகளுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கல்லூரித் தோழிகளையும் ஊரிலுள்ள மகளிர் குழுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, பெண்கள் படும் பாட்டையும் அவர்களுக்குரிய சம அந்தஸ்தையும் எடுத்துக்காட்டும் நாடகம் ஒன்றை நம்மூரில் போடப் போவதாகவும், அதற்காக மேலத் தெருவில் புகுந்த வீட்டுக் கொடுமை தாங்காமல் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட பெண்ணின் சரித்திரத்தைப் பெயரை மட்டும் மாற்றி எழுதத் தொடங்கியிருப்பதாகவும் தெரிவித்திருந்தாய். முதல் செய்தி எனக்குப் பரம சந்தோஷத்தைத் தந்தது. இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பட்டணத்து மேடையில் பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுவாள். சில நூறு வீடுகள் கொண்ட ஊரிலோ, முதல் காட்சி முடிவதற்குள்ளாகவே, 'இது இன்னார் மகள் கதையல்லவா?' என்று முன்வரிசைக் கிழவிகள் அடையாளம் சொல்லிவிடுவார்கள். அவளே சம்மதித்தாள் என்று எழுதியிருக்கிறாய். படித்த பெண், அதிலும் வேண்டியவள், கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அந்த நிலையிலுள்ள ஒருத்திக்கு எங்கிருந்து வரும்? நாடகம் முடிந்ததும் நீங்கள் விடுதிக்குத் திரும்பிவிடுவீர்கள். மறுநாள் காலையில் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டியவள் அவள். நாளைக்குப் பெரியவர்கள் கூடிப் பேசும்போது, 'எங்களை ஊர் நடுவே சிரிக்க வைத்த குடும்பம்' என்று மாப்பிள்ளை வீட்டார் குற்றம் சாட்டுவதற்கும் உன் நாடகமே சாட்சியாகிவிடும்.

அப்படியானால் எதை நடிப்பது என்று கேட்பாய். எல்லோரும் அறிந்ததும் எவர் வீட்டுக்கும் உரியதல்லாததுமான கதை ஒன்று நம் மதுரைச் சீமையில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. அல்லி அரசாணியைத்தான் சொல்கிறேன். ஆண் வாடையே வேண்டாமென்று பாண்டிய நாட்டைத் தனியாக ஆண்ட அந்த ராணியின்மேல் மோகம் கொண்ட அர்ச்சுனன், கண்ணனுடைய மாயத்தின் துணையால் பாம்பு வடிவில் அவளுடைய பள்ளியறை புகுந்து, அவள் நித்திரையில் ஆழ்ந்திருக்கும்போதே கழுத்தில் தாலியைக் கட்டிவிட்டான் என்பது கதை. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை'யைத் திண்ணையில் ராகம் போட்டு வாசிக்கக் கேட்டவர்களும், அதே கதையை மேடையில் விடிய விடியப் பார்த்தவர்களும், இந்த இடத்துக்கு வந்ததும் சிரித்து ரசித்தார்களேயன்றி, உறங்குகிறவளுடைய சம்மதம் என்ன ஆயிற்று என்று எவரும் கேட்டதாக நான் அறியேன். கர்வம் பிடித்தவள் அடங்கினாள் என்பதோடு ஊருக்குத் திருப்தி. நீ எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டம் இதுவே. அல்லி கண் விழிக்கிறாள், கழுத்து உறுத்துகிறது, தடவிப் பார்த்தால் மஞ்சள் கயிறு கையில் தட்டுப்படுகிறது. அங்கே கதையை நிறுத்திவிடு.

நிறுத்திய பிறகு செய்ய வேண்டியதற்கும் வழி நம்மவர்களிடமே இருக்கிறது. தனித்தனியே அழைக்கப்பட்ட நடிகர்கள் திருவிழா மேடையில் ஒன்றுகூடி நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தை நீ கேட்டிருப்பாய். எழுதி வைத்த பாடம் கொஞ்சமும் அந்த நேரத்து வாய்ச் சாமர்த்தியம் மிகுதியுமாக நடக்கும் அந்த வாதத்தில், எதிராளி போட்ட கேள்விக்கு மறு நிமிஷமே பதில் கொடுக்கத் தெரியாத நடிகைக்கு மதிப்பில்லை. அப்படியொரு தர்க்கத்தை அல்லிக்கும் அர்ச்சுனனுக்கும் வை. அல்லி முதல் கேள்வியைப் போட்டு, ஆர்மோனியம் ஓய்ந்ததும், எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்து, 'என் இடத்தில் நீங்கள் இருந்தால் இவனை என்ன கேட்பீர்கள்?' என்று அழைக்கட்டும். வங்காளத்துச் சுந்தரவனப் பகுதியில் 1985-ஆம் ஆண்டு தோன்றிய ஜன சம்ஸ்கிருதி என்னும் குழுவினர், பிரேசில் தேசத்து அகஸ்டோ போவால் வகுத்த முறையைக் கைக்கொண்டு, பார்வையாளரையே மேடையேற்றிப் பாத்திரத்தின் ஸ்தானத்தில் நின்று பேச வைத்து வருகிறார்கள். ஆகையால் இது நடவாத காரியமென்று எண்ண வேண்டாம். முதலில் எவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த மௌனத்துக்குப் பயந்து நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். கிழவி ஒருத்தி எழுந்து, 'கட்டினவன் கட்டினவன்தானே, இனி என்ன செய்ய?' என்று சொன்னாலும், அதையும் அர்ச்சுனனுக்கு அனுகூலமான வாதமாக ஏற்று, அல்லியை மறுமொழி சொல்ல வையுங்கள். கடைசியில் ஒருவர் வந்து சமத்துவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடு. பிரசங்கம் தொடங்கினால் பெண்கள் பாயைச் சுருட்டிவிடுவார்கள்.

இன்னொன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. அல்லி வேஷத்தை உங்களில் ஒருத்தியே கட்டுவதாயிருந்தாலும், தர்க்கம் கற்பிக்க ஸ்பெஷல் நாடக நடிகை ஒருவரை வரவழையுங்கள். அந்தக் காலத்திலேயே கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்திப் பெரும்புகழ் பெற்றவர். ஆனாலும், 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் ஆடவர்களே பெண் வேஷம் கட்டினார்கள். 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் ஏற்படுத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலும் சிறுவர்களே நாயகிகளாக நின்று அழுதார்கள். மேடையேறும் பெண்ணைப் பற்றி உலகம் கொண்டிருந்த இழிவான அபிப்பிராயம் இதற்கெல்லாம் ஒரு முக்கிய காரணம். அந்த அபிப்பிராயத்தின் சுமையை இன்றளவும் தாங்கிக்கொண்டு ஊர் ஊராக வேனில் போய்ப் பிழைக்கும் நடிகைகளை, பெண்ணுரிமை பேசும் படித்தவர்களே வாசலோடு நிறுத்தி அனுப்புவதைக் கண்டு எனக்கு மனம் கசந்திருக்கிறது. வருகிறவரை நம் வீட்டிலேயே தங்க வை. எல்லோரோடும் பந்தியில் உட்காரட்டும். நல்ல காரியம்தானே என்று சொல்லி அவருடைய சம்பளத்தில் கை வைக்காதே.

போலீஸாரிடம் கதையைக் காட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். நாடகங்களைக் கட்டுப்படுத்தி வந்த 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, நாடகக்காரரான ஞாநி தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் செல்லாதென்று தீர்த்துவிட்டது. ஒலிபெருக்கிக்கு மட்டும் அனுமதி கேட்டு எழுதிக் கொடுங்கள்.

கோயில் திடல் வேண்டாம். அங்கே போட்டால் காலனிப் பெண்கள் வர மாட்டார்கள். வந்தாலும் ஓரத்தில்தான் நிற்பார்கள். பள்ளிக்கூட மைதானம் எல்லோருக்கும் பொது. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம், விடிவதற்கு முன் எழுந்து வாசல் தெளிக்க வேண்டியவளுக்குப் பிரயோஜனப்படாது. ஆகவே, மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி முடித்து, மாலை உலை வைப்பதற்கு முன் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியை வைத்துக்கொள். பங்குனி தொடங்கித் திருவிழாக்கள் ஓயும்வரை நடிகைகளுக்கும் ஆர்மோனியக்காரருக்கும் தேதி இராது, ஆவணியில் பார். நாள் நிச்சயமானதும் ஒரு வரி எழுது. அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய முன்பணத்தை நான் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா