கப்பலில் வருகிறவர்கள் கரையில் என்ன சாப்பிடுகிறார்கள்?

நாகல் நகர்ல இருக்கிற நமக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தொழில் பாடம் ஒன்று இருக்கிறது.

சுற்றுலாக் கப்பல் பெரும்பாலும் ராத்திரியில் ஓடும், காலையில் ஒரு துறைமுகத்தில் நிற்கும். பயணிகள் இறங்கி ஊரைப் பார்த்துவிட்டுச் சாயந்தரம் ஏறிவிட வேண்டும். 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் இப்படி ஒரு கப்பல் கிளம்பியது. 2023 ஜூனில் இலங்கைக்கும் போனது.

கப்பலிலேயே சாப்பாடு உண்டு, அதற்குப் பணமும் முதலிலேயே கட்டியாச்சு. அப்படியிருந்தும் கரையில் இறங்கியதும் கைக்காசைப் போட்டு உள்ளூர்ச் சாப்பாட்டைத் தேடுகிறார்கள். அந்த ஊர் ருசி கப்பலில் கிடைக்காதே!

ஜப்பானில் அவோமோரி என்று ஒரு துறைமுக ஊர். அங்கே ஃபுருகாவா மீன் சந்தையில் வாசலிலேயே டோக்கன் வாங்க வேண்டும். முதலில் டோக்கன் கொடுத்து ஒரு கிண்ணம் சோறு வாங்குகிறார்கள். பிறகு கடை கடையாகப் போனால், கொடுக்கிற டோக்கனுக்கு ஏற்ப ஒரு துண்டு மீனோ, இறாலோ, முட்டையோ சோற்றின் மேல் வைப்பார்கள். இதற்கு நொக்கெதொன் என்று பெயர். பச்சை மீனா என்று முகம் சுளிக்காதீர்கள், நமக்குப் பிரியாணி மாதிரி அவர்களுக்கு அது.

இதில் பாஷை தெரியாதவர்கூட பேரம் பேசாமல் பத்து ருசி பார்க்கலாம். ஒரே ஒரு பண்டம் வைத்திருக்கிற சின்ன வியாபாரிக்கும் விற்பனை உண்டு. பெப்பு என்ற ஊரிலோ வெந்நீர் ஊற்றின் ஆவியிலேயே காய்கறி, முட்டையெல்லாம் வேக வைக்கிறார்கள். விறகுச் செலவே இல்லை!

நம்ம ஊருக்கு வருவோம். பழனி, கொடைக்கானல் போகிற வண்டிகள் திண்டுக்கல்லில் நிற்கின்றன. சீரகச் சம்பா பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மலைக்கோட்டை, சிறுமலை வாழைப்பழம், சின்னாளபட்டி சுங்குடி, நாகல் நகர் சௌராஷ்டிரர் வீட்டுச் சமையல் என்று காட்டவும் கொடுக்கவும் நம்மிடம் எத்தனையோ இருக்கிறது.

குழுக்கள் சேர்ந்து உணவு விழா போட்டால் நாலு கடையிலும் பணியாரமே இருக்கும். மிஞ்சினது யாருக்கு நஷ்டம்? முதல் வேலையாகப் பண்டத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரு குழுவுக்கு ஒன்று. பத்து ரூபாய் டோக்கன் பத்து சேர்த்து ஒரு சீட்டு, விலை 100 ரூபாய். பண்டம் சின்ன அளவில் இருக்கட்டும். ஒரே இடத்தில் பணம் வாங்கி, அன்றைக்குச் சாயந்தரமே டோக்கனை எண்ணிக் குழுவாரியாகப் பட்டுவாடா செய்து பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஐம்பது சீட்டு விற்றால் கையில் 5,000 ரூபாய் இருக்கும். ஆனால் திரும்பி வரும் டோக்கன் 460தான் என்றால், மீதி 400 ரூபாய் யாருக்கு? சண்டை வருகிற இடம் இதுதான். அது கூட்டமைப்பின் பொதுச் செலவுக்கா, குழுக்களுக்குச் சமமாகவா என்று விழாவுக்கு முன்பே தீர்மானம் போட்டுவிடுங்கள்.

வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னி மத்தியானத்துக்குள் புளித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாத குழுக்கள் விழா தேதி குறிப்பதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும்.