கிரிவலப் பாதையில் சிறு தொழில்: மலையும் வாழ, ஊரும் வாழ

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான மக்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வருகிறார்கள். கார்த்திகை தீபத்திற்கு வருவோர் இன்னும் அதிகம். 1922-இல் அமைந்த ரமணாசிரமத்தை நாடி வெளிநாட்டாரும் வந்து தங்குகிறார்கள். வருகிறவர்களுக்குச் சாப்பாடு வேண்டும், தண்ணீர் வேண்டும், தங்க இடம் வேண்டும். பக்கத்துக் கிராமங்களில் ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகள் இதில் உபவருமானம் தேடலாம்.

நிலத்தை மனைக்கட்டாக விற்றால் பணம் ஒரு முறைதான் வரும். நிலத்தைக் காத்துக்கொண்டு, விளைச்சலோடு ஒரு சிறு தொழிலையும் சேர்த்தால் ஆண்டுதோறும் வரும். ஆனால் மக்கள் வருவது மலைக்காக என்பதை மறக்கக் கூடாது. மலை கெட்டால் தொழிலும் கெடும்.

மலை தரும் பாடம்

814 மீட்டர் உயரமுள்ள இம்மலை, மரம் வெட்டியதாலும் தீயாலும் ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்தது. 1980-களின் இறுதியில் மரம் வளர்க்கும் முயற்சி தொடங்கியது. பின்னர் ‘தி ஃபாரஸ்ட் வே’ போன்ற அறக்கட்டளைகளும் அதில் இறங்கின. நாட்டு மரக் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் நடுகிறார்கள். கோடையில் தீ பரவாமல் தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள். இதில் உள்ளூர் மக்களுக்கு வேலையும் கிடைக்கிறது.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. எனவே தொழிலுக்காகச் சரிவை வெட்டுவதோ, ஓடையை மறித்துக் கட்டிடம் எழுப்புவதோ கூடவே கூடாது.

எதை விற்கலாம்?

பௌர்ணமியன்று பாதை நெடுகிலும் அன்னதானம் நடப்பதால், அன்று சோறு விற்பதை நம்பிப் பயனில்லை. வேகவைத்த வேர்க்கடலை, மோர், இளநீர், கேழ்வரகுக் கூழ் ஆகியவை நடந்து களைத்தவர்களுக்கு ஏற்றவை. மற்ற நாட்களில் தங்குவோருக்கு ஜவ்வாது மலைச் சாமையில் சோறும் பொங்கலும் செய்து தரலாம்.

கம்பெனி பாட்டிலை வாங்கி விற்றால் கமிஷன் மட்டுமே நம்முடையது. மிச்சப் பணம் ஊரை விட்டுப் போய்விடும். கடலையைப் பக்கத்து நிலத்திலும், பாலை அடுத்த வீட்டிலும், இலையை ஊர்ப் பெண்களிடமும் வாங்கினால் ஒரே ரூபாய் நாலு வீட்டில் அடுப்பெரியச் செய்யும்.

குப்பை

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது. வாழை இலை, தையல் இலை, கழுவிப் பயன்படுத்தும் டம்ளர் ஆகியவையே போதும். எச்சில் இலைகளைக் குழியில் போட்டுச் சாணக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் வைத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் மூன்று, நான்கு மாதங்களில் நல்ல எரு கிடைக்கும்.

தண்ணீர்க் கணக்கு

இரண்டு அறை, நான்கு விருந்தினர், ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 400 லிட்டர் செலவாகும். கிணற்றிலிருந்து எடுத்தால் திருப்பித் தர வேண்டாமா? இப்பகுதியில் ஆண்டு மழை சுமார் 1000 மில்லிமீட்டர். 1000 சதுர அடிக் கூரையிலிருந்து, வீணாவது போக, 70 ஆயிரம் லிட்டருக்கு மேல் சேரும். வடிகட்டிக் கிணற்றில் விட்டால் ஏறக்குறைய ஆறு மாதச் செலவுக்கு ஈடாகும். குளித்த நீரை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம். கழிப்பறைக் குழியைக் கிணற்றுக்குத் தள்ளியே அமைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

உணவு விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். அறை விடுவதற்கு முன் சுற்றுலாத் துறை அலுவலகத்திலும் ஊராட்சியிலும் விவரம் கேட்டுக்கொள்வது நல்லது. வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தெரிவிப்பது கட்டாயம்.

கடன் வாங்கிக் கட்டிடத்தில் இறங்க வேண்டாம். முதலில் ஒரு பந்தலும் இரண்டு மோர்ப் பானையும் போதும். ஆறு பௌர்ணமிகளுக்கு வரவு செலவு எழுதிப் பாருங்கள். மிஞ்சினால் மட்டும் பெரிதாக்குங்கள். நாலைந்து குடும்பங்கள் கூடி முறை வைத்து நடத்தினால் விவசாய வேலையும் தடைப்படாது. ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டு விலையைக் கெடுத்துக்கொள்ளவும் நேராது.

லாபத்தில் சிறு பங்கை ஊர்ப் பொதுவுக்கென ஒதுக்குங்கள். ஐப்பசி மழையில் வேம்பு, புங்கன், இலுப்பை, நாவல் கன்றுகளை நட்டு, ஆடு கடிக்காமல் முள்வேலி இட்டுக் காப்பாற்றுங்கள். இன்று வைக்கும் கன்றின் நிழலில்தான் நாளை நம் பிள்ளைகள் கடை போட வேண்டும்.